மீன் குழம்பு முதல் புளிச்ச மாவு வரை... சாப்பாடு 'ஒத்துக்கலை' என்றால் ஹிஸ்டமின்தான் காரணமா? கண்டுபிடிப்பது எப்படி? முழு விளக்கம்

மத்தியானம் சூரை மீன் குழம்பு. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் முகம் சிவக்கிறது, தலை விண்விண்ணென்று தெறிக்கிறது, உடம்பெல்லாம் அரிப்பு. பக்கத்து வீட்டில் மீனே சேர்ப்பதில்லை. ஆனால் அங்கே ஒருவருக்குத் தக்காளி, கத்தரிக்காய், புளிச்ச தயிர் என்று எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்புசம், மூக்கடைப்பு, தலைவலி. இரண்டு வீட்டிலும் சொல்வது ஒரே வார்த்தைதான்: "ஒத்துக்கலை."

போனை எடுத்துத் தேடினால் இரண்டுக்கும் ஒரே பதில் வருகிறது: 'ஹிஸ்டமின் இன்டாலரன்ஸ்'. கூடவே, தவிர்க்க வேண்டிய உணவுகளின் நீளமான பட்டியல், ரத்தப் பரிசோதனைக்கான விளம்பரம், மாத்திரைக்கான லிங்க்.

இதில் எது உண்மை? எது அவசரம்? எதற்குப் பணம் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஹிஸ்டமின் என்றால் என்ன?

ஹிஸ்டமின் நம் உடம்பே தயாரிக்கும் ஒரு வேதிப்பொருள். வயிற்றில் அமிலம் சுரக்க வைப்பது, மூளையை விழிப்பாக வைப்பது, கிருமி நுழைந்தால் எச்சரிப்பது என்று அதற்குப் பல வேலைகள். கொசு கடித்த இடம் தடித்து அரிப்பதும் இதனால்தான்.

இதே ஹிஸ்டமின் சில உணவுகளிலும் இருக்கிறது. உணவில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைச் சில பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதனால் புளிக்க வைத்தவை, பதப்படுத்தியவை, நாள்பட்டவை ஆகியவற்றில் அளவு கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சாப்பாட்டில் வரும் ஹிஸ்டமினைக் குடலிலேயே உடைத்துப்போட ஒரு என்சைம் இருக்கிறது. அதன் பெயர் டயமைன் ஆக்சிடேஸ், சுருக்கமாக டி.ஏ.ஓ. வாசலில் நிற்கும் செக்யூரிட்டி மாதிரி. இந்த என்சைம் குறைவாக இருந்தாலோ, சரியாக வேலை செய்யாவிட்டாலோ ஹிஸ்டமின் ரத்தத்தில் கலந்து தொல்லை கொடுக்கும் என்பதுதான் 'ஹிஸ்டமின் சகிப்பின்மை' என்ற கருத்தின் அடிப்படை.

ஒரே 'ஒத்துக்கலை', உள்ளே மூன்று பிரச்சினை

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடும் விஷயத்துக்குள் குறைந்தது மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன.

முதலாவது, ஒவ்வாமை. இது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் தவறான தாக்குதல். இறால், வேர்க்கடலை, முட்டை, பால் போன்ற குறிப்பிட்ட ஒரு உணவு, கொஞ்சம் உள்ளே போனாலும் போதும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

இரண்டாவது, ஹிஸ்டமின் நஞ்சு. கெட்டுப்போன மீனில் ஹிஸ்டமின் மிக அதிகமாகச் சேர்ந்திருக்கும். இதில் சாப்பிட்டவரின் உடம்பில் குறை இல்லை, மீனில்தான் குறை. அதே மீனைச் சாப்பிட்ட பலருக்கும் ஒரே நேரத்தில் வரலாம்.

மூன்றாவது, சகிப்பின்மை. மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத சாதாரண அளவு ஹிஸ்டமினே ஒருவருக்கு மட்டும் தொல்லை தருவது. ஒருநாள் சாப்பிட்டால் வரும், இன்னொரு நாள் அதையே சாப்பிட்டால் வராது. அளவு, அன்று கூடச் சாப்பிட்டவை, எடுத்த மருந்து என்று பலவற்றைப் பொறுத்து மாறும்.

மூன்றுக்கும் அறிகுறிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முதலாவதுக்கு அவசர சிகிச்சை வேண்டும். இரண்டாவதுக்கு மீன் வாங்கிய இடத்தைக் கவனிக்க வேண்டும். மூன்றாவதுக்குத்தான் பொறுமையான உணவுச் சோதனை. இதைப் பிரிக்காமல் நேராக மூன்றாவதுக்குத் தாவுவதுதான் இப்போது நடக்கும் தவறு.

பாலக்கரைக்கு மீன் எப்படி வருகிறது?

திருச்சி பாலக்கரையை எடுத்துக்கொள்வோம். கடல் இல்லாத ஊர். வீட்டுக்கு வரும் கடல் மீன் ஏதோ ஒரு கடற்கரையில் ஐஸ் பெட்டியில் ஏறி, காசிவிளங்கி மீன் மார்க்கெட் மாதிரியான இடத்தில் இறங்கி, அங்கிருந்து சில்லறைக் கடைக்கும் தெருவுக்கும் வர வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து என்றாலே 140 கிலோமீட்டருக்குக் குறையாது. இந்தப் பயணத்தில் ஐஸ் எங்கே குறைகிறதோ அங்கே ஹிஸ்டமின் உருவாகத் தொடங்கும். அதுவும் திருச்சி வெயிலில் வேகம் இன்னும் கூடும்.

சூரை, அயிலை எனப்படும் கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் இயல்பாகவே அதிகம். அதனால் இந்த வகைகளில்தான் கவனம் கூடுதலாக வேண்டும்.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. உருவான ஹிஸ்டமின் சமைத்தால் போகாது. நன்றாகக் கொதிக்க வைத்தாலும், எண்ணெயில் பொரித்தாலும், ஃப்ரீசரில் வைத்தாலும் அப்படியே இருக்கும். பாக்டீரியா செத்துப்போகும், அது விட்டுப்போன வேதிப்பொருள் சாகாது. 'நல்லா வேக வச்சாச்சு, ஒண்ணும் ஆகாது' என்ற சமாதானம் இங்கே எடுபடாது. மோப்பம் பிடித்துப் பார்த்தும் முழுசாகக் கண்டுபிடிக்க முடியாது. வாடை வராத மீனிலும் ஹிஸ்டமின் இருக்கலாம். சாப்பிடும்போது நாக்கில் மிளகு பட்ட மாதிரி சுருக்கென்று இருந்தால் அது ஒரு எச்சரிக்கை.

ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக் கூடாது என்பது சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் பாதுகாப்பு வரம்பு. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யும் மீன்களுக்கு ஹிஸ்டமின் வரம்பை நிர்ணயித்திருக்கிறது.

ஹிஸ்டமின் நஞ்சு பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் தொடங்கி, ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். இதை 'எனக்கு மீன் அலர்ஜி' என்று தப்பாக எடுத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க மீனையே தொடாதவர்களும் உண்டு. வீட்டில் வேறு யாருக்கும் இப்படி ஆனதா, வாங்கிய மீன் எந்த நிலையில் இருந்தது என்ற இரண்டு கேள்விகளையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

இலங்கை சொல்லும் பாடம்: காசநோய் மாத்திரையும் சூரை மீனும்

உணவு பழையபடியே இருக்கும், ஆனால் திடீரென்று ஒத்துக்காமல் போகும். இதற்கு மருந்தும் ஒரு காரணமாகலாம் என்பதற்கு அருகிலேயே ஒரு தெளிவான உதாரணம் இருக்கிறது.

1970-களில் இலங்கையில் காசநோய்க்கு ஐசோனியாசிட் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த நோயாளிகள் சிலருக்கு, சூரை வகை மீனைச் சாப்பிட்டதும் முகம் சிவத்தல், தலைவலி, படபடப்பு போன்ற தொல்லைகள் வந்தன. மார்பு நோய் மருத்துவர் சி.ஜி. உரகொட இதைக் கவனித்து, எஸ்.ஆர். கொட்டேகொடவுடன் சேர்ந்து 1977-ல் மருத்துவ இதழில் வெளியிட்டார். காரணம் இதுதான்: ஹிஸ்டமினை உடைக்கும் என்சைமின் வேலையை ஐசோனியாசிட் தடுக்கிறது. வாசலில் நின்ற செக்யூரிட்டியை மாத்திரை உட்கார வைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துக் கதை அல்ல. காசநோய்க்கான முதல் வரிசை மருந்துகளில் ஐசோனியாசிட் இன்றும் இருக்கிறது. காசநோய் வராமல் தடுக்கவும் அது கொடுக்கப்படுகிறது. எனவே இந்த மாத்திரை எடுப்பவர்கள் மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்தால், தலை வலித்தால், மாத்திரை தரும் இடத்தில் உடனே சொல்ல வேண்டும். ஆனால் மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது. பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோயாக மாறும் ஆபத்து இருக்கிறது. தள்ளி வைக்க வேண்டியது மீனைத்தான், மருந்தை அல்ல.

வேறு சில மருந்துகளும் இந்த என்சைமைத் தடுக்கக்கூடும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. அதனால் மருத்துவரிடம் போகும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துப் போவது நல்லது. மெடிக்கலில் நாமாகக் கேட்டு வாங்கியதும் இதில் சேர்த்தி.

ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடாதா?

சுருக்கமான பதில்: இன்றைக்கு இல்லை.

டி.ஏ.ஓ. அளவை ரத்தத்தில் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. ஆனால் அந்த எண் குறைவாக உள்ள பலருக்குத் தொல்லையே இல்லை; தொல்லை உள்ள சிலருக்கு எண் சரியாகவே இருக்கிறது. இந்த என்சைமின் முக்கிய வேலை நடப்பது குடலில். ரத்தத்தில் எடுக்கும் அளவு அதை அப்படியே காட்டுவதில்லை. ஜெர்மன் ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த ஒரு பரிசோதனையை வைத்து முடிவெடுக்க முடியாது என்கிறது.

'200 உணவு டெஸ்ட்' என்ற பெயரில் விற்கப்படும் ஐ.ஜி.ஜி. பரிசோதனை இன்னொரு வகை. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போவார்கள். அரிசி, பால், கத்தரிக்காய் என்று ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை அடித்து ரிப்போர்ட் வரும். உண்மையில், ஒரு உணவை அடிக்கடி சாப்பிடுகிறோம் என்றால் அதற்கு ஐ.ஜி.ஜி. உருவாவது இயல்பு. அது நோயின் அடையாளம் அல்ல. அமெரிக்க, ஐரோப்பிய, கனடிய ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் இந்தப் பரிசோதனையை வைத்து உணவு ஒவ்வாமையையோ சகிப்பின்மையையோ கண்டறியக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கின்றன. ஆயிரக்கணக்கில் பணம் கட்டிக் கடைசியில் தெரிந்துகொள்வது, நாம் தினமும் என்ன சாப்பிடுகிறோம் என்பதைத்தான்.

அப்படியானால் ஹிஸ்டமினையே குடிக்கக் கொடுத்துப் பார்த்தால்? அதையும் செய்திருக்கிறார்கள். ஆஸ்திரியாவில் 2011-ல் வெளியான ஆய்வு ஒன்றில், இந்தச் சகிப்பின்மை இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட 39 பேருக்கு ஹிஸ்டமின் கலந்த திரவமும் கலக்காத திரவமும், எது எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட்டன. அறிகுறிகள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி திரும்ப வரவில்லை. 'அவர்கள் நடித்தார்கள்' என்று இதற்குப் பொருள் அல்ல. தொல்லை நிஜம், அதற்குக் காரணம் ஹிஸ்டமின் மட்டும்தானா என்பது வேறு கேள்வி.

அப்போ எப்படித்தான் கண்டுபிடிப்பது?

வழி இருக்கிறது. கொஞ்சம் பொறுமை வேண்டும், செலவு குறைவு.

படி 1: வேறு நோய் இல்லை என்று உறுதி செய்வது. உணவு ஒவ்வாமை, நாள்பட்ட தோல் தடிப்பு, ஒற்றைத் தலைவலி, பால் சர்க்கரை செரிக்காத நிலை, கோதுமையால் வரும் சீலியாக் நோய், இரைப்பைப் புண், எரிச்சல் குடல் நோய் எல்லாம் இதே முகமூடியில் வரும். சீலியாக் சந்தேகம் இருந்தால் பரிசோதனைக்கு முன்பே சப்பாத்தியை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாம். ஊசி முனையால் தோலில் செய்யும் ஒவ்வாமைப் பரிசோதனைக்கு முன் செட்ரிசின் போன்ற மாத்திரைகளை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

படி 2: குறிப்பு எழுதுவது. போனிலேயே எழுதலாம். என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, தொல்லை எத்தனை மணிக்கு, என்ன மாத்திரை, தூக்கம் எப்படி, பெண்கள் என்றால் மாதவிடாய் நாள் எது. நம்ம ஊர்ச் சமையலுக்கு இன்னொரு கேள்வியும் அவசியம்: அது எத்தனாவது நாள்? மாவு ஆட்டிய மறுநாள் ஊற்றும் இட்லியும், நாலாவது நாள் புளிச்ச மாவில் ஊற்றும் ஊத்தப்பமும் ஒன்றல்ல. காலையில் வைத்த மீன் குழம்பும், 'மறுநாள்தான் ருசி' என்று சுட வைத்துச் சாப்பிடும் குழம்பும் ஒன்றல்ல. 'இட்லி', 'குழம்பு' என்று மட்டும் எழுதினால் பாதி உண்மை விட்டுப்போகும்.

படி 3: குறுகிய கால விலக்கு. ஜெர்மன் வழிகாட்டுதல் சொல்வது 10 முதல் 14 நாட்கள். கருவாடு, நாள்பட்ட மீன், டப்பா மீன், ஊறுகாய், அதிகம் புளித்தவை, பழைய குழம்பு, சீஸ், மது ஆகியவற்றைத் தள்ளிவைத்து, அன்றன்று சமைத்ததைச் சாப்பிட வேண்டும். இதில் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் ஹிஸ்டமின் குற்றவாளி இல்லை என்று எடுத்துக்கொண்டு, பழையபடி சாப்பிட ஆரம்பித்துவிட்டு வேறு காரணம் தேடலாம்.

படி 4: திரும்பச் சேர்ப்பது. பலரும் கோட்டைவிடும் படி இதுதான். குறைந்தால் 'ஆஹா, கண்டுபிடிச்சாச்சு' என்று நின்றுவிடுகிறார்கள். அடுத்த 6 வாரம் வரை ஒவ்வொரு உணவாக, சின்ன அளவில் திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எது, எவ்வளவு தாங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். முன்பு சாப்பிட்டு மூச்சுத் திணறல், மயக்கம், தொண்டை வீக்கம் வந்த உணவு என்றால் வீட்டில் இந்தச் சோதனையே கூடாது.

படி 5: நிரந்தரச் சாப்பாடு. முடிவில் நீக்க வேண்டியது பெரும்பாலும் நாலைந்து பொருளாகத்தான் இருக்கும், 50 பொருள் அல்ல.

இணையப் பட்டியலை ஏன் அப்படியே நம்பக் கூடாது?

சுற்றிக்கொண்டிருக்கும் 'ஹிஸ்டமின் பட்டியல்கள்' பெரும்பாலும் ஐரோப்பியச் சமையலறையை வைத்துப் போடப்பட்டவை. சிவப்பு ஒயின், சீஸ், புளிக்க வைத்த முட்டைக்கோஸ், பதப்படுத்திய இறைச்சி என்று போகும். அந்தப் பட்டியல்களே ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. பார்சிலோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்படி 10 உணவுத் திட்டங்களை ஒப்பிட்டு 2021-ல் வெளியிட்ட ஆய்வில், விலக்கச் சொன்ன உணவுகளில் 32 சதவீதத்துக்கு மட்டுமே அதிக ஹிஸ்டமின் என்ற காரணம் பொருந்தியது.

இந்தப் பட்டியலை நம்பித் தயிர், மீன், தக்காளி, கீரை, பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தினால் தட்டில் என்ன மிஞ்சும்? வெறும் சோறு. புரதம், கால்சியம், இரும்புச்சத்து மூன்றும் குறையும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஏற்கெனவே ரத்தம் குறைவாக உள்ள ஒருவர், தலைவலிக்குப் பயந்து கீரையையும் மீனையும் நிறுத்தினால் தலைவலியோடு அசதியும் சேரும். வளரும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவர் அல்லது உணவியல் நிபுணர் சொல்லாமல் இந்த விலக்கு கூடவே கூடாது.

கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி இந்த என்சைமை மிக அதிகமாகச் சுரக்கிறது. அதனால் அந்த மாதங்களில் சிலருக்குத் தொல்லை தானாகவே குறைவதும் உண்டு.

மாத்திரை போட்டால் சரியாகிவிடுமா?

ஹிஸ்டமினுக்கு எதிரான செட்ரிசின் போன்ற மாத்திரைகள் அரிப்பையும் மூக்கடைப்பையும் குறைக்கும். ஆனால் தினமும் நாமாகப் போட்டுக்கொண்டால் உண்மையான காரணம் மறைந்துபோகும். மாத்திரையில் குறைந்ததை வைத்து 'எனக்கு ஹிஸ்டமின் பிரச்சினைதான்' என்று முடிவு செய்யவும் முடியாது. சாதாரண ஒவ்வாமையும் அதே மாத்திரையில்தான் குறையும்.

டி.ஏ.ஓ. கேப்ஸ்யூல் என்று ஆன்லைனில் விற்பவை துணை உணவுகள்தான். பல தயாரிப்புகளில் இந்த என்சைம் பன்றியின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்படுகிறது. சைவ உணவுக்காரர்களும், பன்றி இறைச்சியைத் தவிர்ப்பவர்களும் லேபிளைப் படிக்காமல் வாங்க வேண்டாம். இதன் பலன் குறித்து நடந்த ஆய்வுகள் சின்ன அளவிலானவை. நம்பி இறங்கும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை.

எங்கே போவது? எப்போது உடனே போவது?

பாலக்கரைவாசிகளுக்குப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. குறிப்பு எழுதிய போனையும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு முதலில் பொது மருத்துவப் பிரிவுக்குப் போகலாம். தோல் தடிப்புதான் முக்கியத் தொல்லை என்றால் தோல் நோய்ப் பிரிவு. பணம் கட்டி எடுக்கும் எந்த 'பேக்கேஜ்' பரிசோதனைக்கும் முன்னால் இந்த ஒரு நடை போதும்.

ஆனால் சாப்பிட்டதும் மூச்சுத் திணறல், உதடு அல்லது நாக்கு வீக்கம், குரல் மாறுவது, தலைசுற்றி விழுவது, தொடர் வாந்தியோடு உடம்பெல்லாம் தடிப்பு ஆகியவற்றில் ஏதாவது வந்தால் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும் நேரம் அல்ல அது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அது ஒவ்வாமையா, மீன் நஞ்சா என்பதை மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம். முதல் சில மணி நேரத்தில் எடுக்கும் டிரிப்டேஸ் என்ற ரத்தப் பரிசோதனை அதைப் பிரித்தறிய உதவும்: கடுமையான ஒவ்வாமையில் அது பெரும்பாலும் உயரும், மீன் நஞ்சில் பொதுவாக உயராது.

ஒரே மீனால் பலருக்கு உடம்பு சரியில்லாமல் போனால், அந்த மீனில் மிச்சம் இருந்தால் ஃப்ரீசரில் எடுத்து வைத்துவிட்டு, தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் தெரிவிக்கலாம்.

ஒரே பார்வையில்:

• மீன் சாப்பிட்ட பலருக்கும் ஒன்றாக வந்தால், சந்தேகம் மீன் மேல்.

• கொஞ்சம் சாப்பிட்டாலும் ஒவ்வொரு முறையும் வந்தால், முதலில் ஒவ்வாமைப் பரிசோதனை.

• ஒருநாள் வந்து ஒருநாள் வராமல் இருந்தால், குறிப்பு, 2 வார விலக்கு, திரும்பச் சேர்த்தல்.

• புது மாத்திரைக்குப் பிறகு ஆரம்பித்தால், மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்வது.

• மீன் வாங்கினால் ஐஸில் உள்ளதாகப் பார்த்து, கடைசியாக வாங்கி, வீட்டுக்கு வந்ததும் கழுவி ஃப்ரிட்ஜில் வைப்பது அல்லது உடனே சமைப்பது. மீன் குழம்பை ராத்திரி முழுக்க வெளியே வைக்காமல் இருப்பது.

ஒத்துக்காத சாப்பாட்டை ஒதுக்குவதில் தப்பில்லை. ஆனால் எது ஒத்துக்கவில்லை, ஏன் ஒத்துக்கவில்லை என்று தெரிந்துகொண்டு ஒதுக்கினால் தட்டில் நாலு பொருள்தான் குறையும். தெரியாமல் ஒதுக்கினால் தட்டே காலியாகிவிடும்.